ஒன்றரை அங்குலச் சேவல்

வாழைப்பழப் புட்டிங்கில் பாதியைத் தின்று முடித்த பிறகுதான், அது தன் புட்டிங் இல்லை என்று வெர்னா ஆஸ்டர்கார்டுக்கு உறைத்தது. தான் புட்டிங்கே செய்யவில்லை என்பது அடுத்தபடியாக உறைத்தது. மூன்றாவதாகக் குளியலறைக்குள் ஓர் ஆண்குரல் பாட ஆரம்பித்தது. அவள் கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதும் அவர் பாடியதில்லை.

கரண்டியை மேசையில் வைத்தாள். நீச்சல் குளத்திலிருந்து வந்த ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எழுபத்தெட்டு வயதுக் கால்களால் முடிந்த அளவுக்கு ஓட்டம் பிடித்தாள். வெளியே வந்து கதவை உற்றுப் பார்த்தாள். 312. அவள் வீடு 412.

இதில் வெர்னாவின் மூளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்வதானால் அந்த ‘பெலிகன் விஸ்டா’வைக் கட்டியவனைத்தான் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாக் கடற்கரையில் எட்டு மாடி, மாடிக்குப் பதினாறு வீடு, எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே சோபா, ஒரே மேசை, ஒரே திரைச்சீலை என்று அவனே போட்டுக் கொடுத்துவிட்டான். எல்லாக் கதவுக்கும் ஒரே நிறம். குடியிருப்போர் சங்கத்தின் பத்திரத்தில் அந்த நிறத்துக்குக் ‘கடற்புல்’ என்று பெயர். பார்ப்பதற்கு ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சி. கதவு எண்களாவது கறுப்பில் இருந்தன. ரசனையாக இருக்கட்டும் என்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டு அவற்றுக்கும் கடற்புல் நிறமே அடித்துவிட்டது. லிஃப்டுக்குள் மாடி எண் காட்டும் விளக்கு எரியாமல் போய் ஒரு வருஷம். அதை மாற்றலாமா என்று ஆராய ஓர் உபகுழு இருக்கிறது. குழு இன்னும் கூடவில்லை. ஆக, லிஃப்ட் எந்த மாடியில் திறக்கிறதோ அங்கே இறங்குவார்கள், பன்னிரண்டாம் வீட்டுக்காரர்கள் பன்னிரண்டாவது கதவுக்கு நடப்பார்கள், திறப்பார்கள். கீழே வாயிலில் காவல் இருப்பதால் பகலில் ஒருவரும் கதவைப் பூட்டுவதில்லை.

வெர்னாவுக்கு இது மூன்றாவது தடவை. முதல் தடவை 612-க்குள் போய், கால் நகம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் “நீங்க யாருங்க என் வீட்ல?” என்று அதட்டியிருந்தாள். அதைச் சிரிப்பாக இருக்கட்டுமே என்று ஒஹையோவில் கொலம்பஸ் ஊரில் இருக்கும் மகள் கெயிலிடம் போனில் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. கெயில் சிரிக்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். எதைக் கேட்டாலும் அதன் முடிவில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்பது அவளுக்குத் தெரியும். அடுத்த வாரமே தபாலில் ஒரு முதியோர் இல்லத்தின் விளம்பரப் புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு கிழவி பலூனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவை நடந்துச்சுன்னா அட்டைப்பெட்டியோட வந்து நிப்பேன்மா,” என்றாள் கெயில். “விளையாட்டில்ல.”

இந்த வீட்டை விட்டுக் கிளப்பினால் வெர்னா செத்துப்போவாள் என்று நான் சொல்லமாட்டேன். உயிரோடுதான் இருப்பாள், பலூனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அதுதான் அவளுக்குப் பயம். காலையில் குளத்துக்குள் நின்று செய்யும் உடற்பயிற்சி, புதன்கிழமைச் சீட்டாட்டம், பால்கனிக்கு நேரே வரிசையாகப் பறக்கும் கூழைக்கடாக்கள், தனக்குப் பிடித்த நேரத்தில் தானே வைக்கும் காப்பி, இவ்வளவுதான் அவள் சொத்து. அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. அதனால் புட்டிங் சமாச்சாரத்தை மகளிடம் மூச்சுவிடவில்லை. அன்று மாலையே சமையலறையிலிருந்து பீங்கான் சேவல் ஒன்றை எடுத்து வந்து, தன் கதவின் நிலைக்காலில் கண்மட்டத்துக்கு, டபுள் சைட் டேப் போட்டு அழுத்தி ஒட்டினாள். சேவல் உண்மையில் உப்புக் குடுவை. ஜோடியாக இருந்த மிளகுக் கோழி எந்தக் காலத்திலோ உடைந்துவிட்டது. உள்ளே இருந்த உப்பைக் கொட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சேவல் வேலை செய்தது. சிவப்புக் கொண்டையும் மஞ்சள் அலகுமாக அந்தக் கஞ்சி நிற நடையில் அது ஒன்றுதான் உருப்படியாகத் தெரிந்தது. சேவல் இருந்தால் உள்ளே போ, இல்லாவிட்டால் திரும்பு. வெர்னா அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வீடு மாறிப் போகவில்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வாசலில் காலடிச் சத்தம் வந்து நிற்கும். “அப்பாடா, கடவுளே, நன்றி!” என்று யாரோ முணுமுணுப்பார்கள். காலடி திரும்பிப் போய்விடும். ஒரு நாள் ஆண்குரல், ஒரு நாள் பெண்குரல். வெர்னா கதவைத் திறந்து பார்ப்பதற்குள் நடை காலியாக இருக்கும்.

அவள் இதை இர்விங் கப்லானிடம் சொன்னாள். இர்விங் 414-ல் இருப்பவர், எண்பத்துமூன்று வயது யூதர், நியூயார்க்கில் நாற்பது வருஷம் உள்ளாடை மொத்த வியாபாரம் பார்த்தவர். வக்கீலுக்குப் படித்ததில்லை. ஆனால் காண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகளுக்கான மாநிலச் சட்டம், எழுநூற்றுப் பதினெட்டாம் அத்தியாயம், வருஷா வருஷம் திருத்தம் வரும்போதெல்லாம் அச்செடுத்துக் குளத்தோரத்தில் உட்கார்ந்து படிப்பார். மற்றவர்கள் துப்பறியும் கதை படிக்கிற நேரம் அது.

“வாழ்த்துக்கள் வெர்னா,” என்றார் இர்விங். “நீங்க ஒரு புது மதம் ஆரம்பிச்சிருக்கீங்க. எங்க ஆளுங்களுக்கு நாப்பது வருஷம் பாலைவனத்துல அலைய வேண்டியிருந்துச்சு. உங்களுக்கு ஒரு டேப்பே போதுமா இருந்திருக்கு.”

“கிண்டல் பண்ணாதீங்க இர்விங். எனக்கு உடம்பெல்லாம் கூசுது.”

பத்தாவது நாள் நோட்டீஸ் வந்தது. விதி 14(இ): பொதுநடையில், கதவில், நிலைக்காலில் எதையும் மாட்டவோ ஒட்டவோ கூடாது. மீறலை உறுதி செய்ய விசாரணை. உறுதியானால் அபராதம், சேவல் அகற்றம். சான்றாக ஒரு போட்டோ இணைப்பு. கையெழுத்து: ஹார்லன் டிபெட்ஸ், தலைவர், நிர்வாகக் குழு.

வெர்னா நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக 414-க்குப் போனாள். சேவல் போனால் அவள் மறுபடி யார் வீட்டிலாவது போய் உட்காருவாள், அது கெயில் காதுக்குப் போகும், பிறகு பலூன். இதை அவள் இர்விங்கிடம் சொல்லவில்லை. “எனக்கு அந்தச் சேவல் வேணும், அவ்வளவுதான்,” என்று மட்டும் சொன்னாள்.

இர்விங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கதவு நிலைக்காலைக் காட்டினார். அங்கே யூதர்கள் வாசலில் பதிக்கும், வேத வாசகம் வைத்த சின்ன மெஸுஸாப் பெட்டி சாய்வாக இருந்தது.

“இதை யாராவது தொட்டாங்களா? தொட முடியாது. சட்டம் இருக்கு. வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டா, நிலைக்கால்ல மதச் சம்பந்தமான பொருள் ஒட்டிக்கலாம். மூணு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், ஒன்றரை அங்குல கனம். அதுக்கு மேல போகக் கூடாது. சங்கம் மாட்டேன்னு சொல்ல முடியாது.”

“அது சேவல் இர்விங்.”

“எந்த மதம்னு சட்டம் கேக்கலையே.”

“உள்ள உப்பு இருக்கு!”

“உங்க வேதத்துல உப்பு இல்லையா? சேவல் இல்லையா? நான் உங்க ஆள் இல்ல, எனக்கே தெரியும்.”

வெர்னா லூதரன் சபைக்காரி, அறுபது வருஷம் பாடகர் குழுவில் நின்றவள். கடவுள் பேரில் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வராது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் ஞானஸ்நானம் பெற்ற டொலீடோ ஆலயத்தின் கோபுர உச்சியில் ஒரு செப்புச் சேவல் இருக்கத்தான் செய்தது. பாதி உண்மை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கோரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். கதவுச் சட்டத்துக்கும் மாநிலச் சட்டத்துக்கும் நடுவில் இப்படித்தான் அந்தச் சேவல் மாட்டிக்கொண்டது.

மறுநாள் ஹார்லனே அளக்க வந்துவிட்டார். நெட்டையான ஆள், சட்டைப் பொத்தான் கழுத்துவரை. டெட்ராய்டில் ஒரு கார்த் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் உதிரிபாகங்களை அளந்து ஓய்வு பெற்றவர். வெல்வெட் உறைக்குள்ளிருந்து தன் எஃகுக் கேலிப்பரை எடுத்தார். பொருளை இரண்டு தாடைக்கு நடுவில் கவ்வி, திருகை முறுக்கி அளக்கிற கருவி. அதை வெளியே எடுக்கும்போது மட்டும் அந்த முகத்தில் பாசம் தெரியும்.

“அகலம் ரெண்டே முக்கால். பாஸ்,” என்றார். “உயரம் அஞ்சே முக்கால். பாஸ்.” பிறகு சேவலின் முதுகிலிருந்து அலகு நுனிவரை கவ்வி, குனிந்து, மூச்சைப் பிடித்துப் பார்த்தார். “கனம் ஒண்ணே முக்கால். கால் அங்குலம் கூட. ஃபெயில்.”

“அலகுதானே நீட்டிக்கிட்டு இருக்கு,” என்றாள் வெர்னா.

“அலகும் சேவல்தாங்க.”

இர்விங் தன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். “ஏம்ப்பா ஹார்லன், அலகு இல்லாத சேவலை எங்கயாச்சும் பாத்திருக்கியா?”

“கால் அங்குலம் கூடின பிஸ்டன் என்ன செய்யும் தெரியுமா? காரை நடுரோட்ல நிறுத்தும்.”

“இது எங்கய்யா ஓடப் போகுது?”

“இப்படித்தான் ஆரம்பிக்கும். இன்னிக்குச் சேவல். நாளைக்கு ஒருத்தர் மாட்டை நிக்க வைப்பார்.” ஹார்லன் கேலிப்பரைத் துடைத்து உறைக்குள் வைத்தார். “நான் எழுதின விதி இல்ல. மாநிலம் எழுதினது. விசாரணையில பாத்துக்கலாம்.”

வெர்னா நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து இரண்டு நாள் சேவலின் அலகைத் தேய்த்துப் பார்த்தாள். அரம்தான் தேய்ந்தது.

விசாரணைக்குப் பதினாலு நாள் முன்னாடி அறிவிப்பு அனுப்ப வேண்டும், அதுவும் சங்கப் பதிவேட்டில் இருக்கிற முகவரிக்கு. சட்டத்தை ஹார்லன் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். வெர்னா கோடை மாதங்களில் மகள் வீட்டில் இருப்பவள் என்பதால் பதிவேட்டில் இருந்தது கொலம்பஸ் முகவரி. பிரித்துப் படித்தவள் கெயில்.

விசாரணையன்று காலை கெயில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் தட்டையாக மடித்த ஆறு அட்டைப்பெட்டிகள்.

“என்னம்மா இது, சேவல், மதம், விசாரணை? உனக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல கண்ணு. அழகா இருந்துச்சு, ஒட்டினேன்.”

“வேற வீட்டுக்குள்ள போனியா மறுபடியும்?”

“அந்தக் காப்பியக் குடி, ஆறுது,” என்றாள் வெர்னா. கெயில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பலூன் கிழவி புத்தகத்தை எடுத்து அம்மாவின் கைப்பைக்குள் திணித்தாள்.

மூன்று மணிக்குக் கீழே மன்றத்தில் விசாரணை. முப்பது நாற்காலி, நாற்பது பேர். பெலிகன் விஸ்டாவில் அன்று அதைவிடச் சுவாரசியமாக ஒன்றும் கிடையாது. குளிர்சாதனத்தை ஹார்லன் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தார். இறைச்சியைத் தொங்கவிட்டால் கெடாது. அபராதக் குழுவில் நிர்வாகிகளோ அவர்கள் சொந்தக்காரர்களோ இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே மேசைக்குப் பின்னால் மூன்று சாதாரண வீட்டுக்காரர்கள். நடுவில் குழுத் தலைவி பெர்னடீன் ஃபஸ்கோ. பெர்னடீன் வீடு 312. தபால் அறைப் பலகையில் ‘என் புட்டிங்கைத் தின்றது யார் என்று எனக்குத் தெரியும்’ என்று ஆறு வாரமாகச் சீட்டு ஒட்டி வைத்திருப்பவள் அவள்தான்.

மேசை மேல் சேவல் நின்றது. சான்றுப்பொருள் என்று அரைமணி நேரத்துக்கு முன்னால் ஹார்லன் அதை நிலைக்காலிலிருந்து கத்தியால் நெம்பி எடுத்து வந்துவிட்டார்.

ஹார்லன் எழுந்து விதியைப் படித்தார், அளவைப் படித்தார். “கால் அங்குலம்,” என்று மூன்று தடவை சொல்லி உட்கார்ந்தார். இர்விங் எழுந்து போட்டோவை உயர்த்திப் பிடித்தார்.

“இந்தப் படத்தை எடுத்தது நீதானே?”

“ஆமா. ஆய்வுக்குப் போனப்போ எடுத்தேன்.”

“ஓரத்துல ஒரு கை தெரியுது. கையில கடைப் பை. பையில ஐஸ்க்ரீம் டப்பா. ஐஸ்க்ரீமை எடுத்துக்கிட்டா ஆய்வுக்குப் போவே? நீ இருக்கறது அஞ்சாவது மாடி. நாலாவது மாடியில அந்த நேரத்துல உனக்கென்ன வேலை?”

ஹார்லனின் காது சிவந்தது. “அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி,” என்றார்.

“சரி, போதும்,” என்றாள் பெர்னடீன். “வெர்னா, உனக்கு மூணு நிமிஷம். நேரடியா கேக்கறேன். இந்தச் சேவல் சாமி சம்பந்தப்பட்டதா, இல்லையா?”

ஹார்லன் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி மேசையில் வைத்தார். டிக் டிக் என்று அது ஓட ஆரம்பித்தது. வெர்னா எழுந்து நின்றாள். முன்வரிசையில் கெயில். ஆமாம் என்றால் ஆண்டவர் பேரில் பொய். இல்லை என்றால் சேவல் போயிற்று. ஏன் ஒட்டினேன் என்று உண்மையைச் சொன்னால் வீடே போயிற்று. குளிரிலும் பயத்திலும் பல் தந்தியடித்தது.

“பாரு, எப்படி நடுங்கறே,” என்று கெயில் எழுந்தாள். “இரு, போய் ஸ்வெட்டர் எடுத்துட்டு வரேன்.” அவள் குதிகால் சத்தம் லிஃப்ட் பக்கம் போனது.

கதவு சாத்திய மறுநொடி வெர்னா வாயைத் திறந்தாள். அப்படி ஒரு வேகத்தில் அவள் வாழ்நாளில் பேசியதில்லை.

“சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, அது உப்பு டப்பா, என் வீடு எதுன்னு எனக்குத் தெரியல, எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கு, மூணு தடவை வேற வீட்டுக்குள்ள போயிட்டேன், இன்னொரு தடவை போனா என் பொண்ணு என்னைக் கொண்டுபோய் இல்லத்துல சேத்துடுவா, அதுக்காகத்தான் ஒட்டினேன், அவ திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க, தயவு பண்ணி ஒருத்தரும் அவகிட்ட சொல்லாதீங்க, அப்புறம் பெர்னடீன், உன் புட்டிங்கைத் தின்னது நான்தான், ரொம்ப நல்லா இருந்துச்சு, மன்னிச்சுடு.”

பெர்னடீன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

“நீயா?” என்றாள் பெர்னடீன். “நீயா! ஆறு வாரமா நான் கார்லோட பேசறதில்லையே!”

பின்வரிசையில் அவள் கணவர் கார்ல் துள்ளி எழுந்தார். “நான் அப்பவே சொன்னேனா இல்லையா? நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன்!”

“நீ உக்காரு. உன்கிட்ட பேசாததுக்கு வேற காரணமும் இருக்கு.”

குழுவில் இடப்பக்கம் இருந்த காது மந்தமான பெரியவர், பக்கத்திலிருப்பவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார். “எனக்கு 712. அந்தச் சேவலைப் பாத்துத்தான் நான் மாடி மாறி இறங்கிட்டேன்னு தெரிஞ்சுக்குவேன். ‘அப்பாடா, கடவுளே, நன்றி’ன்னு சொல்லிட்டுத் திரும்பிடுவேன்.”

“நீங்களா அது?” என்றாள் வெர்னா.

“நானும்தான்,” என்றது ஒரு குரல். “போன செவ்வாய்க்கிழமை நான்,” என்றது இன்னொன்று. “நான் ரெண்டு தடவை.” “நான் சேவல் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை உன் கட்டில்லயே தூங்கிட்டுப் போயிருக்கேன் வெர்னா. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.” கை மேல் கை உயர்ந்தது. ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டே போன இர்விங் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

“எழுதிக்கோங்க! பாத்த உடனே கடவுளுக்கு நன்றி சொல்ல வைக்கிற பொருள்! இது மதச் சம்பந்தமான பொருள் இல்லேன்னா வேற எதுய்யா?”

“அலகு!” என்று கத்தினார் ஹார்லன். “எதுவா வேணும்னாலும் இருக்கட்டும், கால் அங்குலம் கூட! நீங்க எல்லாம் வீடு தெரியாம அலையறதுக்குச் சட்டம் என்ன செய்யும்? எண்ணைப் பாத்து உள்ள போறதுக்கு என்ன கஷ்டம்? கொஞ்சம் கவனமா…”

கதவு திறந்தது. கெயில் கையில் ஸ்வெட்டரோடு வந்தாள்.

“இந்தாம்மா. ஏன், டிவியை அணைக்காமலே வந்துட்டியா? பீர் குடிக்க எப்ப ஆரம்பிச்சே? குளிர்பெட்டி பூரா பீர். அந்த எலுமிச்சை கேக்ல ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு, யார் பண்ணினது?”

அவள் வெர்னாவின் தோளில் ஸ்வெட்டரைப் போர்த்தினாள். அது முழங்கால்வரை தொங்கியது. பழுப்பு நிறம், முழங்கைகளில் தோல் ஒட்டு. வெர்னா அதைப் பார்த்தாள். நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள்.

“அது என் ஸ்வெட்டர்,” என்றார் ஹார்லன்.

“இருக்க முடியாதுங்க,” என்றாள் கெயில். “அம்மா வீட்டு நாற்காலி மேல கிடந்துச்சு.”

“என் வீட்டு நாற்காலி. ஐநூத்திப் பன்னெண்டு. அந்தக் கேக் என் தங்கச்சி என் எண்பதாவது பிறந்தநாளுக்கு அனுப்பினது. நான் இன்னும் வெட்டவே இல்ல.”

கெயில் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “இல்ல… லிஃப்ட் திறந்துச்சு… பன்னெண்டாவது கதவு… அதே சோபா…” என்றாள். “அங்க ஏதோ இருந்துச்சே காலைல, செவப்பா…” அவள் கண் மேசை மேல் நின்ற சேவலிடம் போய் நின்றது.

முட்டைக் கடிகாரம் டிங் என்று அடித்தது.

வெர்னா நிதானமாகக் கைப்பையைத் திறந்தாள். பலூன் கிழவி புத்தகத்தை எடுத்து மகளிடம் நீட்டினாள். அன்று காலையிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஒரு சாந்தம் இப்போது இருந்தது.

“கண்ணு, கொலம்பஸ்ல ஒரு நல்ல இடம் இருக்காம். பலூனெல்லாம் தர்றாங்களாம்.”

மன்றம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கார்ல் பெர்னடீன் தோளைத் தட்டிச் சிரித்தார். அவள் கையைத் தள்ளிவிட மறந்துபோனாள். கெயில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று வெர்னா பதறிக் குனிந்தால், அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்புக்கு நடுவில் கண்ணும் கலங்கியிருந்தது.

ஹார்லன் மட்டும் சிரிக்கவில்லை. சேவலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அன்னிக்கு ஐஸ்க்ரீம் உருகிக்கிட்டு இருந்துச்சு,” என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். “இந்தச் சேவல் மட்டும் இல்லேன்னா நேரா உள்ள போய் வெர்னாவோட ஃப்ரீசர்ல வெச்சுட்டு, ஷூவைக் கழட்டியிருப்பேன். ‘கடவுளே, நன்றி’ன்னு சொல்லிட்டுத்தான் போட்டோ எடுத்தேன்.”

“நன்றியும் சொல்லிட்டு நோட்டீஸும் அனுப்பினியா?” என்றார் இர்விங்.

“விதி விதிதானே.”

அவர் வெல்வெட் உறையைத் திறந்தார். கேலிப்பரை எடுத்துச் சேவலை முதுகிலிருந்து அலகுவரை கவ்வ வைத்தார். திருகை முறுக்கினார். இன்னும் கொஞ்சம் முறுக்கினார். முப்பத்துநாலு வருஷப் பழக்கம். டக் என்று ஒரு சத்தம். மஞ்சள் அலகு பறந்து போய் பெர்னடீனின் தண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது. அலகு இருந்த ஓட்டை வழியாக உப்பு சரசரவென்று கொட்டி ஹார்லனின் ஷூ மேல் குவிந்தது.

ஹார்லன் குனிந்து அளவைப் படித்தார்.

“ஒன்றரை,” என்றார். “சரியா ஒன்றரை. பாஸ்.”

குழு அபராதத்தை மூன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. ஒவ்வொரு மாடியிலும் பன்னிரண்டாம் வீட்டுக்காரர் ஒன்றரை அங்குலத்துக்குள் ஏதாவது ஒரு பக்தியைத் தேடிக்கொள்ளும்படி இர்விங் கேட்டுக்கொண்டார். தனக்கு ஒரு பிஸ்டன் போதும் என்றார் ஹார்லன்.

சாயங்காலம் அவரே ஏணியும் டேப்புமாக வந்து சேவலைப் பழைய இடத்தில் ஒட்டினார், மட்டப்பலகை வைத்துப் பார்த்து. அலகில்லாத சேவல் கொஞ்சம் திகைத்துப்போன முகத்தோடு நின்றது. கெயில் ஆறு அட்டைப்பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு கீழே குப்பை அறையில் போட்டுவிட்டு வரப் போனாள். வெர்னா இரண்டு கோப்பை காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். பால்கனிக்கு வெளியே கூழைக்கடாக்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

போனவளைக் காணவில்லை. தண்ணீர் கொதித்துவிட்டது. மேல் மாடியில் எங்கோ ஒரு கதவு திறந்து, “ஐயோ, மன்னிச்சுக்கோங்க!” என்று ஒரு பெண்குரல் கேட்டு, கதவு மூடியது. வெர்னா சிரித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் நடையில் காலடிச் சத்தம் வந்து அவள் வாசலில் நின்றது.

“அப்பாடா, கடவுளே, நன்றி!”

வெர்னா வழக்கம்போலக் காது கொடுத்துக் காத்திருந்தாள். இந்தத் தடவை காலடி திரும்பிப் போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு கெயில் உள்ளே வந்தாள்.